சோளக்காட்டில் ஒளிந்த கல்யாணம்

லவீனா பீட்டர்ஷைம் ஜூலை மாதம் வந்தால் குதிரை வண்டியை மெதுவாக ஓட்டுவாள். வெயிலில் குதிரை களைத்துப்போகும் என்று காரணம் சொல்வாள். உண்மை குதிரைக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்தை நெருங்கும்போதும் கடிவாளம் தானாக இறுகும். கருப்புத் தொப்பிக்குள்ளிருந்து அம்மாளின் கழுத்து கொஞ்சம் நீளும். உதடுகள் சத்தமில்லாமல் அசையும். எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

எண்ணுவது செலரி, நீளத் தண்டுள்ள கீரை. எங்கள் லான்காஸ்டர் பக்கத்து ஆமிஷ்காரர்களில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இரண்டு வரிசை செலரி இருந்தால் அது சூப்புக்கு. பத்து வரிசை இருந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். முந்நூறு நானூறு பேர் உட்காரும் விருந்தில் கோழிக்கறியோடு பிசையும் ரொட்டிக்குச் செலரி வேண்டும், பால் விட்டு வேகவைக்கிற கூட்டுக்குச் செலரி வேண்டும், மற்ற ஊர்க்காரர்கள் பூ வைக்கிற இடத்திலும் கண்ணாடி ஜாடியில் செலரிதான் விறைப்பாக நிற்க வேண்டும். ஆனால் அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை ஊழியரான டீக்கன் எழுந்து நின்று அறிவிக்கும்வரை, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று யாரும் மூச்சு விடக் கூடாது. பெண்ணைப் பெற்றவர்கள் வாயைக் கட்டிக்கொள்வார்கள். பெண் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். பையன் சனிக்கிழமை இருட்டிய பிறகு வந்து விடியுமுன் போய்விடுவான். செலரி மட்டும் தோட்டத்தில் பச்சைப் பசேலென்று நின்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கும்.

அதைக் கேட்கத் தெரிந்த காது லவீனாவுக்கு. பழைய கிறிஸ்தவ முறைப்படி வாழும் எங்களில் தொலைக்காட்சி கிடையாது, வானொலி கிடையாது. லவீனா இருந்ததால் அந்தக் குறை யாருக்கும் தெரியவில்லை.

அவள் பிறந்தது லியோலா பக்கம், மாட்டுப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தில். எட்டுப் பேரில் ஐந்தாவது; நடுவில் பிறந்தவர்களுக்குச் சத்தமாகப் பேசினால்தான் சோறு என்று அவளே சொல்வாள். கல்யாணத்துக்கு முன் சில வருஷம் ஓரறைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெனுவேல் அவளைக் கட்டிக்கொண்டது ஒரு நவம்பர் மாத வியாழக்கிழமை. பெனுவேல் பேசாதவர். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசியதால் குடும்பம் நன்றாகவே நடந்தது. பிள்ளைகள் நான்கு பேர் கல்யாணமாகிப் போனார்கள். மாட்டை வைத்து மட்டும் பிழைக்க முடியாமல் போன காலத்தில், பஸ்ஸில் ஆமிஷ்காரர்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டிலேயே மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பித்தாள். அந்தத் தொழில் அவளுக்கென்றே பிறந்தது. சமைக்கலாம், பேசலாம், எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தப்பித்து ஓடவும் முடியாது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த வசந்தத்தில் சோதனை வந்தது. கடைசிப் பெண் ரோஸானா, அம்மா அப்பம் தட்டிக்கொண்டிருந்த மேஜைக்கு எதிரே வந்து நின்று, மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா. ஐவனுக்கும் எனக்கும்... இந்த வருஷம்."

ஐவன் எஷ் தெற்கே ஜார்ஜ்டவுன் பக்கத்துப் பையன். வண்டிச் சக்கரம் செய்கிறவன். லவீனாவுக்கு அவனைப் பற்றி ஏற்கெனவே எல்லாம் தெரியும். பையனுக்கே தெரியாததும் கொஞ்சம் தெரியும். கையில் மாவோடு மகளைக் கட்டிக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணும்மா. ஸேடிக்கு நடந்தது எனக்கு நடக்கக் கூடாது. டீக்கன் சொல்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. நீ எனக்கு வேற எதுவும் செய்ய வேண்டாம். இதை மட்டும் செய்."

லவீனா மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

ஸேடி பக்கத்துப் பண்ணை மலிண்டா ஸூக்கின் மூத்த பெண். நாலு வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்ட் மாதத்தில், பெண்கள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து போர்வை தைத்துக்கொண்டிருந்த இடத்தில், "மலிண்டா தோட்டத்துல செலரி நல்லா வந்திருக்கு, அடேயப்பா, ஒரு ஊருக்கே போடலாம்" என்று லவீனா ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வாரம் பையன்கள் ஸேடியைப் பார்த்தால் செலரி கடிக்கிற முயல் மாதிரி மூக்கை அசைத்துக் காட்டினார்கள். ஸேடி கல்யாண நாள்வரை வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. மலிண்டா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று லவீனாவுக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

"யாருக்கும் தெரியாது. என்னை நம்பு" என்றாள் மகளிடம்.

அன்று மத்தியானமே கணவனைப் பிடித்தாள்.

"பெனுவேல், இந்த வருஷம் சோளம் விதைக்கும்போது காட்டுக்கு நடுவுல கொஞ்சம் இடம் விட்டுடு."

"எதுக்கு?"

"காத்து வரட்டும்."

பெனுவேல் தாடியைத் தடவினார். "காத்துக்கு எத்தனை வரிசை வேணும்?"

"பத்து."

"நல்ல பெரிய காத்துதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சொன்னபடியே விட்டார்.

மக்காச்சோளம் ஆளுயரம் எழும்பியபோது நடுவில் கூரையில்லாத ஓர் அறை உருவாகியிருந்தது. அதில் லவீனா செலரி நாற்று நட்டாள். வீட்டுத் தோட்டத்தில், எல்லோரும் பார்க்கட்டும் என்று, சூப்புக்கான இரண்டே வரிசை. தினமும் பொழுது சாய்ந்ததும் வாளியோடு சோளத்துக்குள் நுழைவாள். மேலெல்லாம் சோளப் பூந்தூளோடு வெளியே வருவாள். அந்த வருஷம் வண்டியை வேகமாக ஓட்டினாள். யார் தோட்டத்தையும் பார்க்கவில்லை. ஒருத்தி செலரியைப் பற்றி இவள் பேசினால், மற்றவள் இவள் செலரியைப் பற்றிக் கேட்பாளே. தையல் வேலைகளில் வெள்ளரிக்காய் ஊறுகாயைப் பற்றியே பேசினாள். உடம்பு சரியில்லையோ என்று இரண்டு பேர் விசாரித்தார்கள்.

ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று, செப்டம்பரும் போயிற்று. செலரி முழங்காலுக்கு மேல் வளர்ந்து வெளுத்துத் திரண்டு நின்றது. லவீனா தன் புத்தியை நினைத்துத் தானே மகிழ்ந்தாள். மகிழ்ந்துவிட்டு, பெருமைப்பட்டது பாவமாயிற்றே என்று கொஞ்சம் வருந்தினாள். மறுபடி மகிழ்ந்தாள்.

அவள் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். சோளம் சாசுவதமாக நிற்காது.

அந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டது. அக்டோபர் பாதியிலேயே சோளம் காய்ந்து மொடமொடத்தது. கோவேறு கழுதைகளைப் பூட்டி ஊரே அறுத்து முடித்தது. பள்ளத்தாக்கு முழுக்க மொட்டைக் கட்டை. நடுவில் பெனுவேல் பீட்டர்ஷைமின் காடு மட்டும் பஞ்சாயத்துக்கு வராத ஆள் மாதிரி தனியாக நின்றது. யாரும் கவனிக்காத காடாக இருந்தது, இப்போது இரண்டு மைலுக்கு அந்தப் பக்கமிருந்தும் தெரிந்தது.

"என்ன பெனுவேல், இன்னும் அறுக்கலையா?" என்று வழியில் கேட்டார்கள்.

எங்களில் பொய் சொல்லக் கூடாது. ஆனால் உண்மையைக் கடைசி வரைக்கும் சொல்லியாக வேண்டும் என்று எங்கேயும் எழுதியில்லை. "கொஞ்சம் நிக்கட்டும்" என்றார் பெனுவேல்.

"கழுதைக்கு ஏதாவது?"

"நல்லா தின்னுது."

"உனக்கு ஏதாவது?"

"நானும் தின்னுறேன்."

இவ்வளவு குறைவாகப் பேசுகிறவனுக்கு நிச்சயம் ஏதோ பெரிய நோய் என்று ஊர் முடிவு கட்டியது. ஒருவர் முதுகுவலித் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். பெனுவேல் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

அறிவிப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். வெள்ளிக்கிழமை. அன்று லவீனா வீட்டுக்கு நியூஜெர்சியிலிருந்து ஒரு பஸ் வந்தது. காலையில் புறப்பட்டு, ஆமிஷ் வாழ்க்கையைப் பார்த்து முடித்து, சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள். இங்கிலீஷ்காரர்கள். எங்களைத் தவிர உலகத்தில் எல்லோருமே எங்களுக்கு இங்கிலீஷ்காரர்கள்தான். கொரியாவிலிருந்து வந்தாலும் சரி, கேரளாவிலிருந்து வந்தாலும் சரி. கூட்டி வந்தவன் டெரன்ஸ் என்கிற வழிகாட்டி. பரிசுப்பொருள் கடையில் வாங்கிய வைக்கோல் தொப்பி போட்டிருந்தான். எங்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்த விஷயங்கள் பலவும் எங்களுக்கே தெரியாதவை.

பரிமாற ஒத்தாசைக்கு எப்போதும்போல மலிண்டா வந்திருந்தாள். அன்றைக்கு அவள் வழக்கத்தைவிடப் பேச்சுக் குறைவு. இரண்டு தடவை ஜன்னலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். வறுத்த கோழி, வெண்ணெய் கருக்கிவிட்ட நூடுல்ஸ், மசித்த உருளைக்கிழங்கு, ஆப்பிள் பாகு, குளிர்ந்த புதினா டீ எல்லாம் நீளமான மேஜையில் ஓடிக்கொண்டிருந்தன. டெரன்ஸ் எழுந்து தொண்டையைச் செருமினான்.

"வரும்போது நீலக் கேட்டைப் பாத்தீங்களா எல்லாரும்? ஆமிஷ் வீட்டு கேட் நீலமா இருந்தா, உள்ளே கல்யாணத்துக்குத் தயாரா பொண்ணு இருக்குன்னு அர்த்தம்!"

லவீனாவின் கரண்டி நடுவழியில் நின்றது. கேட் நீலமானதற்குக் காரணம், பெயிண்ட் கடையில் யாரோ கலர் தப்பாகக் கலந்து, டப்பாவைச் சல்லிசாகத் தள்ளிவிட்டதுதான்.

"அட, அப்படியா?" என்றாள் ரோண்டா என்கிற அம்மாள். வெள்ளை ஷூ, கழுத்தில் கேமரா, எதையும் கேட்டுவிடுகிற முகம். "பொண்ணு எங்கே? எப்போ கல்யாணம்?"

"உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றாள் லவீனா.

"கேக்குறாங்கல்ல லவீனா" என்றாள் மலிண்டா, நூடுல்ஸைப் பார்த்துக்கொண்டே. "பதில் சொல்லேன்."

"பெயிண்ட் அடிச்சது பெனுவேல். அவர்கிட்டதான் கேக்கணும்."

எல்லோரும் மேஜையின் கோடியைப் பார்த்தார்கள். பெனுவேல் வாயிலிருந்ததை மென்று முடித்தார். "மலிவா கிடைச்சுது" என்றார்.

"பாருங்க, என்ன அடக்கம்!" என்று டெரன்ஸ் உருகினான். "உயிரே போனாலும் ரகசியத்தை விட மாட்டாங்க."

லவீனா நூடுல்ஸ் தட்டை டெரன்ஸ் முன்னால் தள்ளினாள். அப்போதுதான் ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டது. இரும்புச் சக்கரம், சங்கிலி, கோவேறு கழுதைகளின் குளம்பு. ஒன்றல்ல, ஓர் ஊர்வலமே. ஜன்னல் வழியே பார்த்தாள். மலிண்டாவின் கணவன் எனோஸ் முன்னால். அவர் பின்னால் அறுவடை இயந்திரங்களும் வண்டிகளும் இழுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லோரும்.

பெனுவேல் வெளியே போனார். லவீனா பின்னாலேயே ஓடினாள்.

"நீ வாயைத் திறந்து கேக்க மாட்டேன்னு தெரியும்" என்று எனோஸ் வண்டியிலிருந்தே கத்தினார். "முதுகு வலிக்குதுன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவே? நாங்களே வந்துட்டோம். சாயங்காலத்துக்குள்ள மொத்தத்தையும் சாய்ச்சுடலாம்."

எங்களில் ஒருவன் அறுவடையில் பின்தங்கினால் மற்றவர்கள் கேட்காமலே வருவார்கள். வந்தவர்களை வேண்டாம் என்று சொல்வது அகம்பாவம். அகம்பாவம் திருட்டைவிடக் கொஞ்சம்தான் சின்னது. பெனுவேல் தொப்பியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார். மனைவியைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் ஏதாவது பேசினால் நன்றாயிருக்கும் என்கிற முகம்.

லவீனா விறுவிறுவென்று கேட்டுக்குப் போனாள். அங்கே ஆணியில் ஒரு பலகை தொங்கியது: "தயவுசெய்து எங்களைப் படம் எடுக்காதீர்கள்." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைத் திருப்பி மாட்டினாள். மறுபக்கத்தில் "முட்டை கிடைக்கும்" என்று இருந்தது. பிறகு வீட்டுக்குள் தலையை நீட்டிச் சொன்னாள்:

"கழுதை பூட்டி அறுவடை பண்றதைப் பாக்கணும்னா எல்லாரும் வரலாம். இனிப்பு அப்புறம் சாப்பிடலாம், ஓடிப் போகாது."

மேஜை காலியாயிற்று. சட்டியில் பொரிந்த சோளம் மாதிரி சிதறி ஓடினார்கள். சோளக்காட்டின் விளிம்பில் வரிசையாக நின்றுகொண்டு கேமராவைத் தூக்கினார்கள். அவ்வளவுதான். ஆண்கள் அத்தனை பேரும் ஒரே வீச்சில் தொப்பியை இறக்கி முதுகைக் காட்டினார்கள். கழுதைகள் நின்றன. முகத்தைப் படம் பிடிக்கக் கொடுப்பது எங்களுக்கு ஆகாத காரியம். கழுதைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றாலும் ஓட்டுகிறவன் திரும்பி நின்றால் அது எங்கே போகும்?

"முதுகு ரொம்ப நல்லாயிருக்கு!" என்று டெரன்ஸ் உற்சாகப்படுத்தினான். "உண்மையான ஆமிஷ் முதுகு!"

எனோஸ் முகத்தைத் திருப்பாமலே சொன்னார், "பெனுவேல், உன் விருந்தாளிங்க கிளம்பட்டும். நாங்க களஞ்சியத்துல காத்திருக்கோம்."

பஸ் எப்படியும் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு? லவீனா அடுத்ததை யோசித்துக்கொண்டிருந்தாள். யோசனைக்கு நேரம் கிடைக்கவில்லை. சோளத்துக்குள்ளே சரசரவென்று சத்தம். நல்ல கோணம் தேடி உள்ளே போயிருந்த ரோண்டா, தலையில் சருகும் கையில் முழங்கை நீளச் செலரிக் கட்டுமாக வெளியே வந்தாள்.

"இங்க பாருங்க! உள்ளே ஒரு பெரிய தோட்டமே இருக்கு! சோளத்துக்குள்ள யாராவது இவ்வளவு செலரி போடுவாங்களா? எதுக்கு இது?"

களஞ்சியத்தை நோக்கி நடந்த முதுகுகள் எல்லாம் நின்றன. தாழ்வாரத்தில் இனிப்புத் தட்டோடு நின்ற மலிண்டாவும் நின்றாள். காற்றுகூட நின்ற மாதிரி லவீனாவுக்கு இருந்தது. பொய் சொல்லக் கூடாது. உண்மையும் சொல்லக் கூடாது. வாக்குக் கொடுத்த வாய்.

"பிடிச்சிருந்தா எடுத்துக்கோங்க!" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "எல்லாரும் எடுத்துக்கோங்க. எவ்வளவு வேணும்னாலும்."

சும்மா கிடைக்கிறது என்றால் இங்கிலீஷ்காரர்கள் எங்களைவிட வேகம். பஸ் முழுக் கூட்டமும் சோளத்துக்குள் புகுந்தது. கை நிறைய, மடி நிறைய, ஒருவர் தொப்பி நிறைய எடுத்துக்கொண்டு வந்தார்கள். டெரன்ஸ் பஸ் படியில் நின்றுகொண்டு எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தான்: "இதுதான் ஆமிஷ் விருந்தோம்பல். வெள்ளிக்கிழமை வர்ற விருந்தாளிக்குச் செலரி குடுத்து அனுப்புறது இவங்க பழங்காலப் பழக்கம்."

மலிண்டா தட்டைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு லவீனாவைத் தாண்டி நேரே கணவனிடம் போனாள்.

"எனோஸ், வீட்டுக்குக் கிளம்புங்க. மாடு கன்னு போடப் போகுது."

"இப்பவா?"

"எப்ப போட்டாலும் நாம பக்கத்துல இருக்கணும். எல்லாரும் கிளம்புங்க. சோளம் திங்கட்கிழமை வரைக்கும் நிக்கும்."

"ஒரு மாடு கன்னு போட எத்தனை பேர்டி—"

"வாங்கன்னா வாங்க."

எனோஸ் சோளத்தைப் பார்த்தார், செலரி சுமந்து போகிறவர்களைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கழுதைகளைத் திருப்பினார். மலிண்டா போகிற போக்கில் லவீனா பக்கம் ஒரு வார்த்தை எறிந்தாள்: "உனக்குச் செலரி இவ்வளவு பிடிக்கும்னு தெரியாதே."

"உடம்புக்கு நல்லது" என்றாள் லவீனா.

பஸ்ஸும் போயிற்று, கழுதைகளும் போயின. ஊர் முழுக்கச் சொல்லத்தான் மலிண்டா இவ்வளவு அவசரமாக ஓடுகிறாள் என்று லவீனாவுக்குச் சந்தேகமே இல்லை. நாலு வருஷம் காத்திருந்தவள். தன் முறை வந்தால் தானும் அப்படித்தானே ஓடியிருப்பேன் என்று அவளுக்குத் தோன்றியதுதான் ரொம்ப வலித்தது.

சோளத்துக்குள் போய்ப் பார்த்தாள். பத்து வரிசையில் மிஞ்சியது மூலையில் மிதிபட்ட கொஞ்சம். சூப்புக்குக் காணும்.

பள்ளிக்கூடம் விட்டு ரோஸானா சைக்கிள் மாதிரிக் கைப்பிடி வைத்த தள்ளு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அவளும் அம்மா மாதிரியே ஓரறைப் பள்ளியில் டீச்சர். அம்மா படியில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் சோளக்காட்டுப் பக்கம் ஓடினாள். திரும்பி வந்தாள்.

"சொல்லிட்டியாம்மா?"

"இல்ல. ஒரு வார்த்தை சொல்லல. ஆனா செலரி எல்லாம் நியூஜெர்சி போயிடுச்சு."

ரோஸானா அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறாளோ என்று லவீனா பயந்து பார்த்தாள். பெண் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் வரும்வரை.

"நியூஜெர்சியா! என் கல்யாணச் செலரியா!"

"மேஜையில என்னடி வைக்கிறது?"

"சோளத் தட்டையை வை. நீ வாயைத் திறக்காம இருந்தியே, அது போதும்மா."

பெனுவேல் கேட்டுப் பக்கமிருந்து வந்தார். "பலகை திரும்பிக் கிடக்கு" என்றார். "காத்தோ?"

"இன்னைக்குக் காத்து பலமாத்தான் இருந்துது" என்றாள் லவீனா. அதில் பொய் ஏதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை, எங்களில் எப்போதும் போல, ஒருவர் வீட்டில். அறிவிப்பு நாளில் மணப்பெண் சபைக்கு வராதது வழக்கம்; ரோஸானாவும் வரவில்லை. வீட்டில் தனியாக ஐவனுக்குக் கோழி வறுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் டீக்கன் எழுந்து பெயர்களைச் சொன்னார். ஐவன் தொப்பியை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியேறினான். அவன் குதிரை போன வேகம் உள்ளேயே கேட்டது. பெனுவேல் எழுந்து, அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை, எல்லோரும் வர வேண்டும் என்றார். அவர் வாழ்க்கையில் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

லவீனா பெண்கள் பக்கத்து பெஞ்சுகளைக் கண்ணால் அளந்தாள். ஒருத்தியாவது வாயைப் பிளப்பாள், ஒருத்தியாவது பக்கத்தில் இருப்பவளை இடிப்பாள் என்று பார்த்தாள். எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்பை அடக்குகிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆக, மலிண்டா சொல்லிவிட்டாள். இல்லையென்றால் எல்லோருக்கும் தானாகவே தெரிந்திருக்கிறது. எது அதிகமாக வலிக்கிறது என்று லவீனாவால் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை எனோஸும் மற்றவர்களும் வந்து சோளத்தை அறுத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மலிண்டா தனி வண்டியில் வந்தாள். வண்டி நிறைய ஈரச் சாக்கு. சாக்கை விலக்கினாள். அடியில் செலரி. வெளுத்துத் திரண்ட நல்ல ஜாதிச் செலரி, ஒரு ஊருக்கே போடுகிற அளவுக்கு.

லவீனாவுக்கு நாக்கு எழவில்லை. அதைப் பார்க்கவே எனோஸ் கழுதையை நிறுத்தினார்.

"இது எங்கேர்ந்து?" என்றாள் லவீனா கடைசியில்.

"கோழிக்கூட்டுக்குப் பின்னாடி. ஜூலையில நட்டது."

"ஜூலையா! அப்ப சோளம் இத்தனை உயரம் நின்னுதே, நீ எங்கேர்ந்துடி பாத்தே?"

"நான் எங்க பாத்தேன்? நீ பாக்கல. அதான்." மலிண்டா வண்டியிலிருந்து இறங்கினாள். "இத்தனை வருஷத்துல என் வேலியைத் தாண்டி நீ எட்டிப் பாக்காத ஜூலை உண்டா? இந்த வருஷம், கண்ணுக்கு மறைப்புக் கட்டின குதிரை மாதிரி நேரா பாத்துக்கிட்டே போனே. நீ பாக்கலைன்னா மறைக்க ஏதோ இருக்குன்னு அர்த்தம். எவ்வளவு மறைக்கிறியோ, எவ்வளவு வீணாகுமோன்னு நானும் கொஞ்சம் போட்டு வச்சேன். இவரு எதுக்குன்னு கேட்டாரு, சூப்புக்குன்னேன்."

"நான் நம்பினேன்" என்றார் எனோஸ் வருத்தத்தோடு. "டிசம்பர் முழுக்கச் சூப்புதான்னு நினைச்சுப் பயந்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப வெள்ளிக்கிழமை?" என்றாள் லவீனா.

"இவரு கழுதையைப் பூட்டிட்டு ஊரைக் கூட்டப் போனதே எனக்கு அப்புறம்தான் தெரியும். எதுவும் தெரியாத மாதிரி இருந்துக்கிட்டு நான் எப்படித் தடுக்குறது? மாட்டைச் சாக்குச் சொன்னேன்."

"கன்னு போட்டுச்சா?"

"நேத்து சாயங்காலம். நான் பொய் சொல்ல மாட்டேன்."

லவீனா செலரிக் கட்டு ஒன்றைத் தூக்கி மாரோடு அணைத்தாள். ஈரம் ஏப்ரனில் இறங்கியது. "தெரிஞ்சுக்கிட்டே நீலக் கேட்டைப் பத்திப் பதில் சொல்லுன்னு என்னைக் குத்தினியே மலிண்டா. ஏன்டி?"

"அது ஸேடிக்கு" என்றாள் மலிண்டா. வண்டியைக் காட்டினாள். "இது ரோஸானாவுக்கு."

அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. லவீனா மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, பம்ப் அடியில் செலரியை அலசிக்கொண்டே, ஸேடி கல்யாணத்துக்கு வர முடியுமா, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கஷ்டமா, வந்தால் மணப்பெண் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கலாமா என்று கேட்டாள். வருவாள் என்றாள் மலிண்டா.

இருவரும் முழங்கை வரை நனைந்திருந்தபோது ஒரு பஸ் வந்து நின்றது. டெரன்ஸ். புதுக் கூட்டம். இறங்கியவர்களில் பலர் கையில் காலிப் பை.

"செலரிக்குத்தான் வந்திருக்காங்க" என்றான் டெரன்ஸ், கொஞ்சம் வெட்கத்தோடு. "வெள்ளிக்கிழமைதான்னு சொன்னேன், கேக்கல."

"இன்னைக்குக் குடுக்குறதுக்கு இல்லை" என்றாள் லவீனா. நிமிர்ந்து நின்றாள். வசந்தத்திலிருந்து உள்ளே கிடந்த வார்த்தை. ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "இது என் பொண்ணு கல்யாணத்துக்கு!"

டெரன்ஸ் கேட்டைப் பார்த்தான். நீலம் வெயிலில் பளபளத்தது. அவன் முகத்தில் இத்தனை வருஷமாகச் சொன்னதெல்லாம் பலித்துவிட்ட ஒளி.

"நான் சொல்லல?" என்று கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "சொன்னேனா இல்லையா?"

கூட்டம் கை தட்டியது. மலிண்டா செலரிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். லவீனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலிண்டாவுக்கு இன்னும் கல்யாணமாகாத பெண் ஒருத்தி உண்டு, பத்தொன்பது வயது, சமீபத்தில் காரணமில்லாமல் பாடுகிறாள்.

"மலிண்டா, டப்பாவுல பாதிப் பெயிண்ட் மிச்சம் இருக்கு. உங்க கேட்டுக்கும் அடிக்கச் சொல்லட்டுமா?"

"அடிச்சுத்தான் பாரேன்" என்றாள் மலிண்டா, கையிலிருந்த தண்ணீரை அவள் மேல் உதறினாள்.